மசக்கையே இல்லை என்றால் பிரசவமும் சுலபமா?

கேள்வி: எனக்கு வயது 29. தலைப்பிரசவம். 33 வாரம் முடிந்துவிட்டது. ஒருநாள்கூட நான் வாந்தி எடுத்ததில்லை. கால் வீக்கம் இல்லை, முதுகுவலி இல்லை, போன மாதம் வரை ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போனேன். மாமியார், "வயித்துல இருக்கும்போதே அம்மாவைப் படுத்தாத புள்ள, வெளிய வர்றப்பவா படுத்தப்போவுது?" என்கிறார். எங்கள் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, "எனக்கும் இப்படித்தான் சொகமா இருந்துச்சு. கடைசியில வட்டியும் முதலுமா வாங்கிருச்சு" என்கிறார். என் பெரியம்மா மகள் ஒன்பது மாதமும் வாந்தி எடுத்துத் துரும்பாகிப் போனாள்; அவளுக்கு நாலே மணி நேரத்தில் சுகப்பிரசவம். நான் எதை நம்புவது? நன்றாகத்தானே இருக்கிறோம் என்று போன செக்கப்புக்குப் போகவில்லை. அடுத்த மாதம் சேர்த்துப் போய்க்கொள்ளலாமா?

— கும்பகோணத்திலிருந்து 18 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு ஊரிலிருந்து ஒரு வாசகி

மகப்பேறு மருத்துவர் பதில்:

கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் வேண்டாம். இந்த வாரமே போங்கள். 28 வாரத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36க்குப் பிறகு வாரம் ஒருமுறை என்பதுதான் வழக்கம். நீங்கள் ஒன்றைத் தவறவிட்டாயிற்று. ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். உங்கள் பெரிய கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

மாமியார் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை, வங்கி அக்கா சொல்வதற்கும் இல்லை. சுகமான கர்ப்பம் சுகமான பிரசவத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதேபோல, முன்னால் அனுபவித்த சுகத்தைக் கடைசியில் வட்டி போட்டுக் கழிக்கிற கணக்குப்பிள்ளை யாரும் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கவும் இல்லை. மசக்கை ஒரு விஷயம், பிரசவ வலி வேறொரு விஷயம்.

என் கதையையே சொல்கிறேன். முதல் குழந்தையின்போது 38 வாரம் வரை நைட் டூட்டி பார்த்தேன். வாந்தி, மயக்கம், எதுவும் கிடையாது. கேன்டீன் புளிச்சாதத்தை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவது மாடிக்குப் படியில் ஏறுவேன். லேபர் வார்டு ஆயாம்மா என் நடையைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாவுக்குத் தும்முனா புள்ள வந்துரும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் படித்ததையெல்லாம் மறந்து அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம். வலி எடுத்து 21 மணி நேரம் ஆயிற்று. குழந்தை முதுகைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்பாமல் வானத்தைப் பார்த்தபடி இறங்கியது. வயிற்றைவிட இடுப்பின் பின்பக்கம்தான் வலி பிளந்தது. கடைசியில் வாக்குவம் வைத்து எடுத்தார்கள். அந்த ஆயாம்மா என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஏம்மா, உனக்கா இப்படி?" என்று கேட்டார். வலியைவிட அந்தக் கேள்விதான் ரொம்ப நாள் மனதில் கிடந்தது. ஏதோ நான் தேர்வில் தோற்றுவிட்ட மாதிரி.

இரண்டாவது குழந்தைக்கு நேர் எதிர். ஐந்து மாதம் வரை தண்ணீர்கூடத் தங்கவில்லை, காலில் நரம்பு முடிச்சு, மூலம், நெஞ்செரிச்சல் என்று பட்டியல் நீண்டது. பிரசவம் மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. உடனே "பார்த்தீங்களா, கஷ்டப்பட்டா சுலபமா பொறக்கும்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது இரண்டாவது பிரசவம். ஒருமுறை திறந்து கொடுத்த வழி, அடுத்த முறை சீக்கிரம் திறக்கும். என் வாந்திக்கு அதில் பங்கில்லை.

இங்கே ஒரு சின்ன யோசனை. வீட்டில் யாராவது "எனக்கெல்லாம் ரெண்டு முக்கு முக்குனேன், பொறந்துட்டான்" என்று சொன்னால், அது எத்தனையாவது பிள்ளை என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். தலைச்சன் பிள்ளையின் கதையை யாரும் அவ்வளவு ஆசையாகச் சொல்வதில்லை. முப்பது வருடம் போனால் 18 மணி நேர வலியும் நாலு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். உங்கள் பெரியம்மா மகளுக்கு நாலு மணி நேரம் என்பதைக்கூட, எப்போதிலிருந்து எண்ணிய நாலு மணி நேரம் என்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்தா, முதல் நாள் இரவு "என்னமோ இடுப்பு பிடிக்குதே" என்று புரண்டு படுத்ததிலிருந்தா?

சரி, இரண்டும் ஏன் வேறு வேறு என்பதற்கு வருவோம்.

மசக்கை வாந்தி வருவது நச்சுக்கொடியும் குழந்தையும் ரத்தத்தில் விடுகிற ஹார்மோன்களால். கர்ப்பத்தை உறுதிசெய்ய நாம் சிறுநீரில் பார்க்கிற ஹெச்சிஜி ஹார்மோன் ஒன்பது, பத்து வாரத்தில் உச்சத்தில் இருக்கும். வாந்தியும் கிட்டத்தட்ட அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். 2023இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வு ஜிடிஎஃப்15 என்ற இன்னொரு ஹார்மோனைக் கைகாட்டியது. கர்ப்பத்துக்கு முன்பே உடம்பில் அது ஓரளவு இருந்து பழகிய பெண்களுக்கு வாந்தி குறைவு. பழக்கமில்லாதவர்களுக்குத் திடீரென்று அது ஏறும்போது மூளை தாங்காமல் குமட்டுகிறது. ஆக, உங்களுக்கு வாந்தி வராததற்குக் காரணம் உங்கள் ரத்தத்திலும் மூளையிலும் இருக்கிறது. உங்கள் இடுப்பெலும்பின் அளவு அதற்குத் தெரியாது. குழந்தை எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது என்பதும் தெரியாது.

பிரசவத்தைத் தீர்மானிப்பவை வேறு. கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதம் அதன் வேலை சும்மா இருப்பது. விரிந்துகொடுக்க வேண்டும், ஆனால் சுருங்கக் கூடாது. வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பிரசவத்தன்று அதே தசை அப்படியே தலைகீழாக மாறி மணிக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி வாயை 10 சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். பத்து வருடம் வாசலில் அமைதியாக உட்கார்ந்திருந்த காவலாளியை ஒருநாள் காலையில் எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வது போல. நன்றாக உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து எப்படித் தூக்குவார் என்று சொல்ல முடியுமா?

அடுத்தது வழி. என் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் துணிப்பொம்மை ஒன்றும் இருக்கின்றன. பொம்மையின் ஒரு காது எப்போதோ பிய்ந்துவிட்டது. பயந்து வருகிறவர்களிடம் இரண்டையும் கொடுத்து, "இதுக்குள்ள இதை நுழைச்சுக் காட்டுங்க" என்பேன். எல்லோரும் நேராகத் தள்ளுவார்கள், நிற்கும். கூட வந்த கணவன் வாங்கித் தள்ளுவார், அதுவும் நிற்கும். இடுப்பெலும்பின் மேல்வாசல் பக்கவாட்டில் அகலம், கீழ்வாசல் முன்பின்னாக அகலம். அதனால் தலை பக்கவாட்டில் நுழைந்து, உள்ளே கால்வட்டம் திரும்பி, அம்மாவின் முதுகைப் பார்த்தபடி வெளியே வர வேண்டும். வீடு மாற்றும்போது பீரோவை மாடிப்படியில் இறக்குகிறார்களே, "கொஞ்சம் சாய்ங்க, திருப்புங்க, இப்ப இறக்குங்க" என்று, அதேதான். பீரோவும் அதேதான், படியும் அதேதான். திருப்புகிற விதத்தில் இருக்கிறது விஷயம்.

குழந்தை தாடையை நெஞ்சில் ஒட்டிக் குனிந்து வந்தால், வழியில் நுழையும் தலையின் அளவு சுமார் 9.5 சென்டிமீட்டர். கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் 11.5 ஆகிவிடும். அதே குழந்தை, அதே எடை, அதே அம்மா. தாடை குனிந்ததா நிமிர்ந்ததா என்பதில் இரண்டு சென்டிமீட்டர் போய்விடுகிறது. என் முதல் பிரசவத்தில் நடந்தது இதுதான். இதை எட்டாவது மாதத்தில் யார் சொல்ல முடியும்? நான் சொல்ல மாட்டேன். வலி ஆரம்பிக்கும்போது வானம் பார்த்திருக்கிற குழந்தைகளில் பெரும்பாலானவை வலியின் போக்கில் தாமே திரும்பிவிடும். சில திரும்பாது.

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்ப கர்ப்ப காலத்தை வைத்து எதையுமே சொல்ல முடியாதா?" என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் அதற்கு நீங்கள் பார்க்கிற இடத்தை மாற்ற வேண்டும். தொந்தரவு வேறு, சிக்கல் வேறு. வாந்தி, இடுப்புவலி, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் எல்லாம் பெரும்பாலும் தொந்தரவு. சர்க்கரை, பி.பி., ரத்தசோகை, நச்சுக்கொடி கீழே இறங்கி வாயை மறைத்திருப்பது, குழந்தை தலைகீழாக இல்லாமல் உட்கார்ந்த நிலையில் இருப்பது, இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருப்பது, இவை சிக்கல். பிரசவத்தின் போக்கை மாற்றுவது இந்த இரண்டாவது பட்டியல். இதில் இருக்கிற வம்பு என்னவென்றால், தொந்தரவு சத்தம் போடும். சிக்கல் பல நேரம் வாயே திறக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். 36 வாரம். மதியம் இரண்டு மணி இருக்கும், நான் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஃபைல்ல ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க டாக்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். முகத்தில் நல்ல களை, கை நிறைய வளைகாப்பு வளையல். வளையலை மேலே ஏற்றிவிட்டுத்தான் பட்டையைக் கட்டினோம். பி.பி. 160/110. நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் இன்னொரு மெஷினை எடுத்து வரச் சொன்னேன். அதிலும் அதேதான். தலைவலி இருக்கா? இல்லை. கண் மங்குதா? இல்லை. மேல்வயிறு வலி? "எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர், பசிக்குது, அவ்வளவுதான்." அன்று அவர் பஸ் ஏறவில்லை. அட்மிட் செய்து, பி.பி.யை இறக்கி, மறுநாள் வலி வர மருந்து வைத்தோம். சுகப்பிரசவம்தான். அந்தச் சீலை நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்திருந்தால் நடந்திருக்கக்கூடியது வலிப்பு. அது பஸ்ஸிலேயேகூட வந்திருக்கலாம்.

கர்ப்பத்தில் பி.பி. 140/90க்கு மேல் போனால் நாங்கள் உஷாராகிவிடுவோம். 20 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம், முதல் கர்ப்பத்தில் அதற்கான வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு இது முதல் கர்ப்பம், 33 வாரம், ஒரு செக்கப் விட்டுப்போயிருக்கிறது. இப்போது புரிகிறதா ஏன் இந்த வாரமே என்றேன் என்று? சர்க்கரையும் இப்படித்தான். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து ரத்தம் எடுத்தார்களா என்று ஃபைலில் பாருங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களில் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. ஆனால் கட்டுப்படுத்தாமல் விட்டால் குழந்தை பெருத்து, தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதோடு நடமாடிப் பழகியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. பிரசவத்தில் ரத்தம் போகும்போதுதான் தெரியும்.

கஷ்டமான கர்ப்பத்துக்குப் பின் கஷ்டமான பிரசவம் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சர்க்கரையோ பி.பி.யோ இருந்தால் இரண்டு இடத்திலும் அதுவே சிரமம் தரும். வாந்தியையும் அதோடு ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

இன்னும் சில விஷயங்களுக்குக் கணக்கு உண்டு. ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவருக்கு அடுத்ததும் அப்படி ஆவதற்கான வாய்ப்பு நன்றாகவே கூடுதல். ரொம்பக் குள்ளமான உடல்வாகு, அதாவது 140 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் கூடுதல் கவனம் வைப்போம். அதிக எடை, கூடுதல் வயது, குழந்தையின் எடை எல்லாவற்றுக்கும் ஓரளவு பங்குண்டு. ஸ்கேனில் சொல்கிற குழந்தை எடையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10, 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். மூன்று கிலோ என்று போட்டிருந்தால் இரண்டு அறுநூறாகவும் இருக்கலாம், மூன்று நானூறாகவும் இருக்கலாம். "கொடி சுத்தியிருக்கு" என்று எழுதியிருந்தாலும் பதற வேண்டாம். கிட்டத்தட்ட நாலில் ஒரு குழந்தை கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. பெரும்பாலும் விரலால் தளர்த்திக் கழற்றிவிடுவோம்.

இதை எழுதினால் என் சக மருத்துவர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். உங்களுக்குச் சுகப்பிரசவம் ஆகுமா ஆகாதா என்பதில் உங்கள் மசக்கையைவிட, நீங்கள் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நுழைகிறீர்கள் என்பதற்குப் பங்கு அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 64 பக்கம் வருகிறது, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. சிசேரியன் உயிர் காக்கிறது, தேவைப்பட்டால் ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. ஆனால் இத்தனை பேருக்கும் தேவைப்பட்டதா என்று கேட்டால் நான் ஆமென்று சொல்ல மாட்டேன். ஆகவே உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: தேதி தாண்டினால் எத்தனை நாள் பார்ப்பீர்கள், வலியில் நடக்க விடுவீர்களா, கூட ஒருவர் இருக்கலாமா, ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா. கேட்கிறவரை "இது ஒரு மாதிரி கேஸ்" என்று நினைக்கிற டாக்டர் உண்டு. நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் சுகமான கர்ப்பத்துக்கு ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்பது மாதம் வாந்தி எடுத்தவர் லேபர் வார்டுக்கு வரும்போதே களைத்து வருவார். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, தூங்கி, தெம்போடு வருவீர்கள். பிரசவம் நீண்டால் அந்தத் தெம்பு உதவும். பிரசவத்தின் நீளத்தைக் குறைப்பது வேறு, நீளத்தைத் தாங்குவது வேறு. சுகமாக இருப்பவர்களுக்கு எளிதாகச் செய்ய முடிகிற ஒன்று நடை. அதை விடாதீர்கள், காலையோ மாலையோ அரை மணி நேரம் போதும். இரும்புச்சத்து மாத்திரையை மோர்சாதத்தோடும் டீயோடும் சேர்த்து விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சுகப்பிரசவத்துக்கு என்று யாராவது விளக்கெண்ணெய் கொண்டுவந்தால் வாங்கி விளக்குக்கு ஊற்றிவிடுங்கள். வயிற்றுப்போக்குதான் மிஞ்சும், உடம்பில் நீர் வற்றிப்போன நிலையில் வலி தாங்க வேண்டியிருக்கும்.

தலைப்பிரசவம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பயம் அதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வாய் திறக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு யாரையும் அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் மும்முர வலி என்று எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதிலிருந்து முழுசாகத் திறக்க முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை போகலாம், அப்புறம் முக்கிப் பெற்றெடுக்க மூன்று மணி நேரம் வரை. அந்த 5 சென்டிமீட்டருக்கு முன்னால் விட்டு விட்டு வருகிற வலி ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் அதிசயமில்லை. அதனால் ஆறு மணி நேரம் ஆகியும் "இன்னும் ரெண்டு விரல்தான்" என்று நர்ஸ் சொன்னால், நமக்கு ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். வழக்கமான தலைப்பிரசவம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

சூட்டுவலியா நிஜவலியா என்று பார்க்க வீட்டில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். குடியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் முடிவைக் கஷாயத்திடம் விடாதீர்கள். படுத்தால், குளித்தால் அடங்குகிற வலி சூட்டுவலி. இடைவெளி குறைந்துகொண்டே, வலு கூடிக்கொண்டே, இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்குச் சுற்றி வருவது நிஜவலி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரமாக வந்தால் கிளம்புங்கள். உங்கள் ஊர் 18 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் ஏழெட்டு நிமிட இடைவெளியிலேயே கிளம்பிவிடுவது நல்லது. ராத்திரியில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே பேசி வையுங்கள், 108 இருக்கவே இருக்கிறது. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். நீர் பச்சையாக இருந்தால், ரத்தம் போனால், தலைவலியோடு கண் மங்கினால் கஷாயத்துக்குக்கூட நேரம் இல்லை. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படித்தான். கடைசி மாதத்தில் இடம் இல்லாததால் குழந்தை அசையாது என்று உங்கள் மாமியார் சொன்னால், அது மட்டும் தப்பு என்று சொல்லிவிடுங்கள். உதைக்கிற விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது.

கூட இருக்கப் போவது யார் என்று முடிவு செய்துவிட்டீர்களா? வலியின்போது தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அரசு ஆஸ்பத்திரிகளிலும் பெண் துணை ஒருவரை அனுமதிக்கிறார்கள். முதல் பாதியில் படுத்தே கிடக்காமல் நடப்பது, சாய்ந்து நிற்பது, உட்கார்ந்து முன்னால் குனிவது எல்லாம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். முதுகைத் தேய்த்துவிட்டு, வாய்க்குத் தண்ணீர் கொடுத்து, "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்று பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால், "உனக்கு சுலபமாத்தான் ஆகும்" என்று சத்தியம் பண்ணுகிறவரும் வேண்டாம், வட்டிக்கணக்கு பார்க்கிறவரும் வேண்டாம். பெரியம்மா மகள் வருவாரா? நாலு மணி நேரமோ பதினாலோ, அனுபவித்தவர். ஒன்பது மாதம் வாந்தியையே பொறுத்தவருக்கு உங்களைப் பொறுத்துக்கொள்வது பெரிய காரியமாக இருக்காது.

கடைசியாக ஒன்று. நீண்டு போனாலோ, ஆயுதம் வைத்தாலோ, சிசேரியன் ஆனாலோ, "இவ்வளவு நல்லா இருந்தும் இப்படி ஆயிருச்சே" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். என்னிடம் ஆயாம்மா கேட்ட மாதிரி. அப்போது இந்தப் பீரோ கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த வாரம் போகும்போது ஃபைலையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துப் போங்கள். பி.பி. எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, தலை கீழே இருக்கிறதா, நச்சுக்கொடி எங்கே என்ற ஐந்தையும் கேட்டு அட்டையின் பின்னால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வளையல் போட்டிருந்தால் மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டுங்கள்.